மனசு விட்டுப்போனால் உயிர் போகுமா? மனநிலை, நோய், மரணம்

கார்முகில்:
பெரியம்மா இறந்து சில மாதங்களிலேயே பெரியப்பாவும் போய்விட்டார். தூக்கத்தில் மாரடைப்பு. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "அவ போனதும் இவரு மனசு விட்டுட்டாரு, அதான்" என்கிறார்கள். மீதிப் பேர், "சர்க்கரை, பிபி எல்லாம் இருந்துச்சு, இதுக்கு ஏன் வேற காரணம் தேடுறீங்க" என்கிறார்கள்.

கேள்வி இதுதான். மனநிலை ஒருவரைக் கொல்லுமா? கொல்லும் என்றால் உடம்புக்குள் எந்த வழியாக? "மன உறுதி இருந்தா எந்த நோயையும் ஜெயிக்கலாம்" என்று சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? எல்லாம் விதி என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து இந்த இழைப் பக்கம் வர வேண்டாம்.

சந்தேகராமன்:
ஆழ்ந்த இரங்கல். விதி என்று எழுத மாட்டேன். ஆனால் "மனசு விட்டுட்டார்" என்பது ஆள் போன பிறகு எழுதும் கதை. அதே மனிதர் இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் "மனைவி நினைவிலேயே வாழ்ந்தார்" என்று சொல்லியிருப்போம். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கத்தை வைத்து என்ன செய்வது?

நெடுங்கணக்கு:
ராமன் சார், இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள்.

1957இல் மனைவியை இழந்த, 55 வயதைத் தாண்டிய 4,486 பிரிட்டிஷ் ஆண்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 1969இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. முதல் ஆறு மாதத்தில் 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதில் மனைவியோடு இருக்கும் ஆண்களை வைத்துப் பார்த்தால் எதிர்பார்க்க வேண்டியதைவிட இது 40 சதவீதம் அதிகம். கூடுதல் சாவுகளில் பெரும்பங்கு இதய நோய். அதற்குப் பிறகு விகிதம் மெல்ல இறங்கி, மனைவி உள்ள ஆண்களின் அளவுக்கே வந்துவிட்டது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். "நோஞ்சான்கள் நோஞ்சான்களைத்தான் கட்டியிருப்பார்கள்", "இரண்டு பேரும் ஒரே புகையைச் சுவாசித்திருப்பார்கள்" என்றெல்லாம் மறுப்பு உண்டு. அது மட்டுமே காரணமாக இருந்தால் ஆபத்து பல வருடங்களுக்கு அப்படியே நீடித்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் உச்சம் தொட்டு இறங்குகிறது என்றால், அந்த இழப்பை ஒட்டியே ஏதோ நடக்கிறது.

சந்தேகராமன்:
ஏதோ நடக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அது சோகம்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார்? "என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு, டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனது யார்? அந்த ஆள் இல்லை. சாவுக்குக் காரணம் உடைந்த மனசா, பிரிக்கப்படாத மாத்திரை அட்டையா?

இதயத்துடிப்பு:
இதய சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுமே. மாத்திரை அட்டை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அதிர்ச்சியே நேராக இதயத்தை அடிப்பதை நாங்கள் திரையில் பார்த்திருக்கிறோம்.

அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோடு வருகிறார். இசிஜி மாரடைப்பு போலவே இருக்கும். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருக்கும். அவசரமாக ஆஞ்சியோவுக்கு எடுத்துப்போனால் ரத்தக் குழாய்களில் அடைப்பே இருக்காது. எக்கோவில் பார்த்தால் இடது கீழறையின் நுனிப்பகுதி அசையாமல் உப்பி நிற்கும், மேல்பகுதி மட்டும் வெறி பிடித்த மாதிரி சுருங்கும். அப்போதுதான் "வீட்ல ஏதாவது நடந்துச்சாம்மா?" என்று கேட்போம். அன்று காலையில் கணவர் இறந்திருப்பார், அல்லது மகனுக்கு விபத்து என்று போன் வந்திருக்கும்.

ஜப்பானில் 1990இல் முதலில் விவரித்தார்கள். பெயர் டகோட்சுபோ. அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஒரேயடியாகக் கொட்டி இதயத் தசையை மரத்துப்போகச் செய்கின்றன என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1,750 நோயாளிகளைச் சேர்த்த சர்வதேசப் பதிவேடு 2015இல் வெளியானது. ஏறத்தாழ 90 சதவீதம் பெண்கள், சராசரி வயது 67ஐ ஒட்டி. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் நூற்றுக்கு நான்கு பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள்.

"உடைந்த இதய நோய்" என்று பத்திரிகைகள் கவிதை பாடும் ஒரு விஷயத்தில் இரண்டு குறிப்பு. அந்தப் பதிவேட்டில் மன அதிர்ச்சியால் தூண்டப்பட்டவர்கள் 28 சதவீதம்தான். அறுவை சிகிச்சை, தொற்று, மூச்சுத்திணறல் போன்ற உடல் காரணங்கள் அதைவிட அதிகம், 36 சதவீதம். கணிசமானவர்களுக்குக் காரணமே தெரியவில்லை. அடுத்தது, மகிழ்ச்சியும் இதைச் செய்யும். மன அதிர்ச்சி வகையைச் சேர்ந்த 485 பேரை 2016இல் பிரித்துப் பார்த்தபோது 20 பேருக்குத் தூண்டுதல் சந்தோஷமான நிகழ்ச்சி. இதயத்துக்குச் சோகம், சந்தோஷம் என்ற வித்தியாசம் தெரியாது. வந்து இறங்கும் ஹார்மோன் அளவுதான் அதற்குக் கணக்கு.

வெண்ணிலா_க:
நெடுஞ்செழியன் சிம்மாசனத்திலிருந்து விழுந்து இறந்ததும், அடுத்த நொடி அவன் தேவியும் உயிர் விட்டதும் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சிரித்தோம். இப்போது இந்தப் பதிவைப் படித்ததும் கோப்பெருந்தேவிக்கு எக்கோ எடுத்திருக்கலாமோ என்று தோன்றுகிறது.

சந்தேகராமன்:
😀 டாக்டர், டகோட்சுபோ சரி. அது அரிது, பெரும்பாலும் பிழைத்தும் கொள்கிறார்கள். "அதிர்ச்சியில் செத்தார்" என்ற கூட்டத்துக்கு நானே ஒரு ஆதாரம் எடுத்துத் தருகிறேன், ஆனால் அதை முழுசாகப் படிக்க வேண்டும்.

1994 ஜனவரி 17, அதிகாலை நாலரை மணி, லாஸ் ஏஞ்சல்ஸ் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். அதற்கு முந்தைய வாரத்தில் அந்த மாவட்டத்தில் இதய நோயால் திடீர் மரணம் நாளுக்குச் சராசரியாக 4.6. நிலநடுக்கத்தன்று 24. பெரும்பாலானவர்கள் மேல் ஒரு செங்கல்கூட விழவில்லை. பயம்தான். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். இதற்கு அடுத்த வரியை யாரும் சொல்ல மாட்டார்கள்: அடுத்த ஆறு நாளில் சராசரி 2.7ஆகக் குறைந்தது. எப்படியும் சில நாட்களில் போக வேண்டியவர்கள் சிலரை அந்தப் பயம் முன்னதாகவே கொண்டுபோய்விட்டது. குழாயில் ஏற்கெனவே படிவு இருந்தவர்கள்தான் அவர்கள். பயம் விசையை இழுத்தது, தோட்டா முன்பே உள்ளே இருந்தது.

இதயத்துடிப்பு:
முழுக்க ஒத்துப்போகிறேன். 2006 கால்பந்து உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசரநிலைகள் 2.66 மடங்கு. அதிலும் ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். கார்முகில், உங்கள் பெரியப்பாவுக்கு சர்க்கரையும் பிபியும் இருந்தன என்கிறீர்கள். உங்கள் உறவினர்களில் இரண்டு கட்சியும் பேசுவது ஒரே சம்பவத்தின் இரண்டு பாதியைத்தான்.

இரவுப்பணி:
நான் ரிட்டயர்டு நர்ஸ். நீங்க எல்லாம் நம்பரா எழுதுறீங்க, நான் பாத்ததைச் சொல்றேன். இன்னிக்கு ராத்திரி தாண்டாதுன்னு நாங்களே முடிவு கட்டின ஆளு, வெளியூர்லேர்ந்து மகன் வர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சு வச்சிருப்பாங்க. மகன் வந்து கையைப் பிடிச்சு "அப்பா"ன்னு கூப்பிடுவான். கண்ணு லேசா திறக்கும். ஒரு மணி நேரத்துல போயிடுவாங்க. இது ஒண்ணு ரெண்டு இல்ல. எந்த வார்டு நர்ஸைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதே மாதிரி, "போதும்மா"ன்னு சொல்லிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிறவங்க சீக்கிரம் போயிடுறதும் உண்டு. இதுக்கு என்ன சொல்றீங்க?

நெடுங்கணக்கு:
அக்கா, இதையும் சோதித்திருக்கிறார்கள். முக்கியமான நாள் வரை மனிதர்கள் சாவைத் தள்ளிப்போடுகிறார்கள் என்ற கருத்து ரொம்ப காலமாக உண்டு. ஆதாரமாகச் சொல்லப்படுவது, ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு நாளில், 1826 ஜூலை 4 அன்றே இறந்தது. 2004இல் ஒஹையோ மாநிலத்தின் 3,09,221 புற்றுநோய் மரணங்களை எடுத்துப் பார்த்தார்கள். கிறிஸ்துமஸ், நன்றியறிவிப்பு நாள், சொந்தப் பிறந்தநாள் மூன்றுக்கும் முன்னால் சாவு குறையவும் இல்லை, பின்னால் கூடவும் இல்லை.

மகன் வந்ததும் இறந்தவர் நமக்கு நினைவிருக்கிறார். மகன் வருவதற்கு முந்தின ராத்திரி இறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களை வைத்து யாரும் கதை சொல்வதில்லை. தவிர, மூச்சு மாறத் தொடங்கும்போதுதான் வீட்டாரைக் கூப்பிடுகிறோம், அவர்கள் வந்துசேரும் நேரமும் கடைசி நேரமும் பக்கத்தில் பக்கத்தில் அமைவதில் ஆச்சரியம் இல்லையே.

இரவுப்பணி:
தம்பி, கிறிஸ்துமஸும் மகனும் ஒண்ணா? பண்டிகை வரைக்கும் இருக்கணும்னு யாரு துடிச்சாங்க? மகன் வந்த நேரம் எந்த டெத் சர்டிபிகேட்லயும் இருக்காது, அதனால உங்களால எண்ண முடியல. எண்ண முடியலேங்கறதுக்காக இல்லேன்னு ஆயிடாது. முந்தின ராத்திரி போனவங்களையும் எனக்கு ஞாபகம் இருக்கு, அவங்க வீட்டு ஆளுங்களுக்கு போன் பண்ணினது நான்தானே.

நெடுங்கணக்கு:
நியாயமான பாயிண்ட். அதை எண்ணிய ஆய்வு எதுவும் என் கையில் இல்லை. இல்லை என்றும் சொல்ல மாட்டேன், உண்டு என்றும் சொல்ல மாட்டேன்.

வெளிச்சம்24:
எண்ணம் போல் வாழ்வு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தே நோய் குணமாகிறது என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது. மனம் நினைத்தால் புற்றுநோயைக்கூடக் கரைத்துவிடலாம். எதிர்மறையாக நினைப்பவர்களுக்குத்தான் நோய் முற்றுகிறது. தினமும் காலையில் "நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

கரையோரம்:
வெளிச்சம், நான் கேன்சர் நோயாளி. மார்பகத்தில் ஆரம்பித்து எலும்பு வரை வந்துவிட்டது. இதே வரியை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் தெரியுமா? பார்க்க வருகிறவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என் தலையைப் பார்க்காமல், "நீ மட்டும் தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். கீமோ போட்ட மறுநாள் வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்கினாலே எரிகிறது, அப்போது நான் சிரித்துக்கொண்டும் இருக்க வேண்டும். அழுதால் கட்டி வளர்ந்துவிடுமாம். அடுத்த ஸ்கேன் மோசமாக வந்தால் அதற்கு அர்த்தம் என்ன, நான் சரியாக நினைக்கவில்லை என்பதா?

கோபத்தில் நானே தேடிப் படித்தேன். 1989இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை போட்டார். பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்கள். குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். உலகமே கொண்டாடியது. அப்புறம் 2001இல் 235 பெண்களை வைத்து அதையே கனடாவில் திரும்பச் செய்தார்கள். 17.9 மாதம், 17.6 மாதம். வித்தியாசமே இல்லை. ஸ்பீகலே 2007இல் இன்னொரு முறை செய்து பார்த்தார், ஆயுள் கூடவில்லை. அதே ஆண்டு தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரைப் பார்த்த ஆய்வு, அவர்களின் மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை என்றது.

ஆனால் 2001 ஆய்வில் இன்னொன்றும் உண்டு. குழுவில் பேசியவர்களுக்கு வலியும் மனவேதனையும் குறைவாக இருந்தன. எனக்கு அது போதும். நானும் ஒரு குழுவுக்குப் போகிறேன். அங்கே யாரும் யாரையும் தைரியமாக இரு என்று சொல்வதில்லை. போன வாரம் எல்லோரும் சேர்ந்து நாற்காலி நுனிக்காரர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரித்தோம்.

இரவுப்பணி:
கண்ணு, நீ சொன்னதுல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்.

இதயத்துடிப்பு:
வெளிச்சம் கேட்ட சர்க்கரை மாத்திரைக்கு வருகிறேன். பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை தரும் பலன், பொய்யில்லை. பல் பிடுங்கியவர்களுக்கு பிளாசிபோவால் குறையும் வலி, மார்ஃபின் வகை வலிநிவாரணிகளின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் திரும்பிவிடுவதை 1978இலேயே காட்டினார்கள். அதாவது உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணிதான் அங்கே வேலை செய்கிறது.

ஆனால் அதன் எல்லை எங்கே என்பதற்கு 2011இல் வந்த ஆஸ்துமா ஆய்வைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே நோயாளிகளுக்கு வெவ்வேறு நாளில் உண்மையான இன்ஹேலர், வெறும் இன்ஹேலர், போலி அக்குபங்சர் கொடுத்தார்கள், சில நாள் எதுவுமே கொடுக்கவில்லை. "எவ்வளவு தேவலை?" என்று கேட்டால் உண்மையான மருந்துக்கு 50 சதவீதம், மற்ற இரண்டுக்கும் 45, 46. எதுவும் கொடுக்காதபோது 21. அடடா, மருந்தே வேண்டாம் போலிருக்கே என்று தோன்றும். பிறகு ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தார்கள். உண்மையான மருந்தில் 20 சதவீதம் முன்னேற்றம். மற்ற மூன்றிலும் 7 சதவீதத்தை ஒட்டி, அதாவது ஒன்றுமே செய்யாததற்குச் சமம். மூச்சுக்குழாய் இறுகியபடியே இருக்க, ஆள் மட்டும் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்கிறார். ஆஸ்துமாவில் இந்த நிலை எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. உடம்பு வலி தாங்கவில்லை என்று கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திய 60 பேரை 2020இல் சோதித்தார்கள். சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் பிளாசிபோ, சில மாதம் எதுவுமே இல்லை. ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் பிளாசிபோவிலும் வந்தது. வலி உண்மையானது, காரணம் மாத்திரைக்குள் இல்லை. அதைக் காட்டியதும் பாதிப் பேர் திரும்ப மருந்தை ஆரம்பித்தார்கள்.

வெளிச்சம்24:
யாரையும் காயப்படுத்தும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் நம்பிக்கை வேண்டாம் என்கிறீர்களா?

கரையோரம்:
நம்பிக்கை வேண்டும். ஹோம்வொர்க் மாதிரி கொடுக்க வேண்டாம்.

சோதனைஎலி:
ஆராய்ச்சி மாணவன், தாமதமாக வருகிறேன். திடீர் அதிர்ச்சியைப் பேசிவிட்டீர்கள், மெதுவாக அரிப்பதை யாரும் தொடவில்லை. 1991இல் ஷெல்டன் கோஹன் 394 ஆரோக்கியமான ஆட்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டு அடைத்து வைத்தார். மன அழுத்தம் குறைந்தவர்களில் 27 சதவீதத்துக்குச் சளி பிடித்தது, அதிகம் உள்ளவர்களில் 47. 1995இல் இன்னொன்று: மறதிநோய் உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும் அப்படிப் பொறுப்பில்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம். பொறுப்பில்லாதவர்களுக்கு ஆற 39 நாள், பராமரிப்பவர்களுக்கு 49 நாள். ஒரே அளவு காயம்! மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன், வீக்கத்தை நடத்தும் சைட்டோகைன்கள் என்று பாதை ஓரளவு தெரியும்.

எனக்குப் பிடித்தது 1975ஆம் ஆண்டு எலி. ராபர்ட் ஆடர், நிக்கோலஸ் கோஹன் இருவரும் சாக்கரின் என்ற இனிப்பு கலந்த தண்ணீரோடு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சைக்ளோபாஸ்பமைடைக் கொடுத்தார்கள். பிறகு வெறும் சாக்கரின் தண்ணீர் கொடுத்தபோதே எலியின் எதிர்ப்புச் சக்தி இறங்கியது. நாக்கு கற்றுக்கொண்டதை ரத்தம் கேட்கிறது! அதுவரை மூளையும் நோய் எதிர்ப்பும் தனித்தனிக் குடித்தனம் என்றுதான் பாடம்.

சந்தேகராமன்:
சளியும் காயமும் சரி. சாவுக்கு வாருங்கள். பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2015 டிசம்பரில் லான்செட்டில் எழுதினார்கள். சந்தோஷமில்லாதவர்கள் அதிகம் செத்தார்கள், உண்மை. ஆனால் ஆரம்பத்திலேயே உடல்நலம் கெட்டிருந்ததையும் புகைப்பழக்கம் போன்றவற்றையும் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. நோய்தான் சந்தோஷத்தைக் கெடுக்கிறது. நாம் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். வயிற்றுப்புண்ணையும் இப்படித்தான் கவலையால் வருவது என்றார்கள். பேரி மார்ஷல் அதற்கு உண்மையான காரணமான பாக்டீரியாவைத் தானே குடித்துக் காட்டினார், 2005இல் நோபல் வாங்கினார்.

இதயத்துடிப்பு:
சந்தோஷக் குறைவு வேறு, மருத்துவ ரீதியான மனச்சோர்வு வேறு. மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வில் விழுபவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது 1993 முதல் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஆனால் ராமன் சாருக்குப் பிடித்த மாதிரி இதிலும் ஒரு முள் உண்டு. 2003இல் 2,481 பேருக்கு நடத்திய ஆய்வில், மனநல சிகிச்சை சோர்வைக் குறைத்தது. சாவையோ மறு மாரடைப்பையோ குறைக்கவில்லை.

இப்போது மாத்திரை அட்டை. மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னதைப் பின்பற்றாமல் விடும் வாய்ப்பு மற்றவர்களைப்போல மூன்று மடங்கு என்று 2000இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். வாழப் பிடிக்காதவர் கயிற்றைத் தேட வேண்டியதில்லை. பிபி மாத்திரையை நிறுத்துகிறார், சாப்பாட்டைக் குறைக்கிறார், நெஞ்சு பிசைந்தால் யாரிடமும் சொல்வதில்லை. "மனசு விட்டுட்டார்" என்பதன் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதில் மாயம் எதுவும் இல்லை, மனசும் சம்பந்தப்பட்டுத்தான் இருக்கிறது.

வெண்ணிலா_க:
அப்படியானால் சாபம், ஏவல் என்று பயந்து செத்தவர்கள்?

சோதனைஎலி:
வால்டர் கேனன் 1942இல் இதைப் பற்றியே எழுதினார். அளவு கடந்த பயத்தில் அட்ரினலின் பொங்கிச் சாவு வரும் என்றார். 1957இல் கர்ட் ரிக்டர் காட்டு எலிகளைத் தண்ணீரில் விட்டபோது, நாள்கணக்கில் நீந்தக்கூடியவை சில நிமிடங்களில் செத்தன, அதுவும் இதயம் வேகமாகி அல்ல, மெதுவாகி நின்று. ஆனால் ஓரிரு முறை கையில் பிடித்துவிட்டு, தண்ணீரில் போட்டு வெளியே எடுத்தால் அதே எலிகள் மறுபடி நீந்தின. இதை "நம்பிக்கை" என்று வாட்ஸாப்பில் சுற்றவிடுகிறார்கள். அந்த எலிகளின் மீசையை முதலில் வெட்டிவிட்டார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எலிக்கு மீசைதான் கண்.

சந்தேகராமன்:
கேனன் எதையும் நேரில் பார்க்கவில்லை, பயணிகள் எழுதியதைத் தொகுத்தார். சாபம் விழுந்தவருக்குச் சுற்றத்தார் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை, வறண்டே சாகிறார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

கரையோரம்:
டாக்டர், ஒரு கேள்வி. துணையை இழந்தவருக்கு முதல் சில மாதம்தான் ஆபத்து என்றால், அந்தக் காலத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஏதாவது கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா?

இதயத்துடிப்பு:
பார்த்திருக்கிறார்கள். சிட்னியில் 2020இல் வெளியான ஆய்வு. துணையையோ பிள்ளையையோ இழந்த 85 பேர், இழப்பு நடந்த இரண்டு வாரத்துக்குள் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஆறு வாரம் குறைந்த அளவு மெட்டோபிரலாலும் (இதயத் துடிப்பையும் பிபியையும் குறைக்கும் மாத்திரை) ஆஸ்பிரினும், மீதிப் பேருக்கு பிளாசிபோ. மருந்து எடுத்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் பதற்றமும் குறைந்தன, ரத்தம் உறையும் போக்கும் குறைந்தது. துக்கம் ஆறுவதையும் அது கெடுக்கவில்லை.

சந்தேகராமன்:
85 பேரில் சாவு குறைந்ததா என்று எப்படித் தெரியும்?

இதயத்துடிப்பு:
தெரியாது. அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். ஆகவே யாரும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மெட்டோபிரலால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சை இறுக்கும், ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தக் கசிவு தரும். வீட்டில் யாராவது அப்படி இழந்திருந்தால், ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மாத்திரையை எடுக்கிறாரா என்று அட்டையைப் பிரித்துப் பாருங்கள், முதல் மாதத்துக்குள் ஒரு தடவை பிபியும் இசிஜியும் பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலி என்று சொன்னால் "துக்கத்துல இருக்கார், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இரவுப்பணி:
மாத்திரையை அவங்க கையில கொடுத்துட்டுத் திரும்பிப் போயிடாதீங்க. விழுங்குற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க.